முகத்தின் முதுமைக்கு ஊசியா, அறுவை சிகிச்சையா? குமரி எல்லைப் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, நாகர்கோவில் வட்டாரங்களிலிருந்து முகச் சுருக்கத்துக்கும் தொய்வுக்கும் சிகிச்சை தேடித் திருவனந்தபுரம் வரை போகிறவர்கள் கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர், எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதைக் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்த பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். அந்த முடிவுக்கு முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒரு தோல் மருத்துவராக இங்கே எழுதியிருக்கிறேன். நேரில் பரிசோதிக்காமல் எவருக்கும் எந்தச் சிகிச்சையையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

எனக்கு ஊசி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது எதைப் பொறுத்தது?

வயதைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், உங்கள் முகத்தில் எந்த அடுக்கு மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. மேல்தோல் வெயிலால் கெட்டு, நிறம் சீரற்றுப் போய், மெல்லிய கோடுகள் விழுவது ஒரு மாற்றம். நெற்றியிலும் புருவ மத்தியிலும் கண் ஓரங்களிலும் தசைகள் பல்லாண்டுகளாகச் சுருங்கிச் சுருங்கி மடிப்பு பதிவது இன்னொன்று. கன்னத்துக் கொழுப்பு கரைந்து, கண்குழியும் தாடையும் உட்பட எலும்பே சற்றுத் தேய்ந்து, முகம் வற்றிப்போவது மூன்றாவது. தோலையும் கொழுப்பையும் எலும்போடு பிடித்து நிறுத்தும் நார்க்கட்டுகள் தளர்ந்து, கன்னத்தின் எடை தாடையோரத்துக்கும் கழுத்துக்கும் இறங்கிவிடுவது நான்காவது.

முதல் மாற்றத்துக்கு மருந்துக் களிம்பும் லேசரும் ரசாயனத் தோலுரிப்பும், இரண்டாவதற்கு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும், மூன்றாவதற்கு குழியை நிரப்பும் கூழ் ஊசியான ஃபில்லர் அல்லது உடலின் சொந்தக் கொழுப்பும், நான்காவதற்கு அறுவை சிகிச்சையும் பொருந்தும். ஒருவருக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்தே இருக்கும் என்பதால், ஒரே சிகிச்சை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இறங்கிப்போன தாடையை ஃபில்லர் நிரப்பித் தூக்க முயன்றால் முகம் ஊதிப் பெருக்குமே தவிர மேலே ஏறாது. அதேபோல், தொய்ந்த முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை செய்துகொண்டவரின் கன்னத்திலுள்ள மங்கு எனப்படும் கரும்படலமும் வெயில் புள்ளிகளும் அறுவைக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும். நான் பார்க்கும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை, சிகிச்சை மோசமாகச் செய்யப்பட்டதால் வந்தவை இல்லை. தவறான அடுக்குக்குச் சரியாகச் செய்யப்பட்டதால் வந்தவை.

மருத்துவரிடம் போகுமுன் நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். பகல் வெளிச்சத்தில், சன்னலுக்கு எதிரே கண்ணாடியோடு உட்காருங்கள். புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கிப் பிறகு முழுவதும் தளர்த்துங்கள். தளர்த்தியதும் கோடு மறைந்துவிட்டால் அது தசை இழுப்பதால் வரும் கோடு. போடாக்ஸ் அதற்கு நன்றாக வேலை செய்யும். முகம் ஓய்வாக இருக்கும்போதும் கோடு தங்கினால், தோலிலேயே மடிப்பு பதிந்துவிட்டது; ஊசி அதைக் குறைக்குமே ஒழிய முழுவதும் அழிக்காது.

அடுத்து, காதுக்கு முன்னால் கன்னத்தில் இரண்டு விரல்களை வைத்து மேல்நோக்கியும் பின்நோக்கியும் ஒரு சென்டிமீட்டர் அளவு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தாடையோரத் தொங்கல் அதில் தெளிவாக மறைந்தால், அறுவை சிகிச்சை எந்தத் திசையில் வேலை செய்யும் என்பதை உங்கள் விரலே காட்டிவிட்டது. பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு கைக்கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடியுங்கள். நிற்கும்போது தெரிந்த தொய்வு மறைந்து, அந்த நிலையிலும் கண்ணுக்குக் கீழும் நெற்றியோரப் பொட்டிலும் குழி தெரிந்தால், அது தொய்வல்ல, வற்றல். இந்தச் சோதனைகள் எதையும் முடிவு செய்யப் போதாதவை என்றாலும், மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வி கேட்கவும் பெரிதும் உதவும்.

ஒரு முகத்தின் இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் அதையும் கவனியுங்கள். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், நீண்டகாலம் பேருந்தும் லாரியும் ஓட்டியவர்களுக்கு வலக்கன்னம் இடக்கன்னத்தைவிடத் தடித்து, ஆழச் சுருங்கியிருப்பதை அடிக்கடி காணலாம். தோலின் ஆழம் வரை சென்று, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை அழிக்கும் யு.வி.ஏ என்ற புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும். ஆனால் முகத்தின் ஒரு பக்கம், அல்லது ஒரு கண்ணிமை, நாள் கணக்கில் திடீரென்று இறங்கினால் அது முதுமை அல்ல. பக்கவாதம், முகவாதம், தசைத்தளர்வு நோய் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

போடாக்ஸ் பாதுகாப்பானதா? எத்தனை நாள் நிற்கும்?

நரம்பிலிருந்து தசைக்குப் போகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிச் செய்தியை இந்த மருந்து சில மாதங்களுக்குத் தடுக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப்பலன் தெரிந்து, மூன்று நான்கு மாதங்களில் மெல்லக் கரையும். முதலில் மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் பயன்பட்ட மருந்து இது. கனடாவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸும் அவருடைய கணவரான தோல் மருத்துவர் அலஸ்டேர் கரூதர்ஸும் புருவ மத்திச் சுருக்கத்துக்கு இது உதவுவதை 1992-இல் வெளியிட்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-இல் அந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது.

கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். தவறான இடத்தில் பரவினால் கண்ணிமை சில வாரங்களுக்குத் தொங்கலாம். மருந்து கரையும்போது அதுவும் சரியாகிவிடும்.

நம் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. மருந்துக் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே குப்பி திறக்கப்படுகிறதா, அதன் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உங்கள் சீட்டில் குறிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் சமம் அல்ல என்பதால், "யூனிட் விலை குறைவு" என்ற விளம்பரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

ஃபில்லர் வெறும் ஊசிதானே, அதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறுவைக்கு அஞ்சுகிறவர்கள் ஃபில்லருக்கு அஞ்சுவதே இல்லை. இப்போது பெரிதும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலத்தால் ஆன கூழ். இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். பிடிக்காவிட்டாலோ சிக்கல் வந்தாலோ ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம் என்பதே இதன் பெரிய நன்மை. நிரந்தரமாக நிற்கும் என்று சொல்லித் திரவ சிலிக்கான் போடுகிற இடத்துக்குப் போகவே வேண்டாம். அதைக் கரைக்க மருந்து இல்லை, ஆண்டுகள் கழித்துக்கூடக் கட்டி கட்டியாகத் திரளும்.

கூழ் தவறிப்போய் இரத்தக் குழாய்க்குள் நுழைந்தால், அந்தக் குழாய் ஊட்டும் தோல் அழுகலாம். புருவ மத்தி, மூக்கு, மூக்கோர மடிப்பு ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. அழுத்தத்தில் கூழ் பின்னோக்கிப் பாய்ந்தால் பார்வையே போகலாம். இது அரிது, ஆனால் நிகழ்ந்தால் நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும், பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை. ஊசி போடும்போதோ போட்ட சில மணி நேரத்திலோ கடும் வலி, தோல் வெளுத்துப் போதல், வலைபோல் நீலத்திட்டு, கண் மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் "நாளை சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. ஆகவே ஊசி போடும் முன்பே கேளுங்கள்: ஹயலூரோனிடேஸ் இப்போது இந்த அறையில் இருக்கிறதா? இல்லை என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

புருவ மத்தி வர்மத்தலம் என்று ஆசான் சொல்கிறார். அங்கே ஊசி போடலாமா?

குமரியில் மட்டும் கேட்கப்படும் நல்ல கேள்வி இது. வர்மக் கலையின் விளக்க முறை வேறு, உடற்கூற்றியலின் விளக்க முறை வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றை நிறுவ நான் முயலவில்லை. ஆனால் புருவ மத்தியை மிகக் கவனத்தோடு தொட வேண்டிய இடம் என்று ஆசான்மார் சொல்வதோடு, ஃபில்லர் விஷயத்தில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. மேலே சொன்ன கண் தமனித் தொடர்பு அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் தோலின் கீழ் மேலோட்டமாகவும் தசைக்குள்ளும் போடப்படும் போடாக்ஸ் கூழ் அல்ல, மிகச் சிறிய அளவு நீர்த்த மருந்து. அது பயிற்சி பெற்றவர் கையில் வழக்கமான சிகிச்சை. பதிந்துபோன கோட்டைக் கூழ் கொண்டு நிரப்புவதை அந்த இடத்தில் தவிர்த்துவிடுவதையே நான் விரும்புகிறேன்.

லேசர் செய்தால் முகம் கறுத்துப் போகும் என்கிறார்களே?

போகலாம். தோலின் நிறத்தையும் வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையையும் வைத்துத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக், மிக வெளுத்தது முதல் மிகக் கறுத்தது வரை ஆறு வகைகளாகப் பிரித்தார். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தாம் வகையினர். இந்தத் தோலில் எந்தக் காயமும், பருவாகட்டும் சூடுபட்ட தழும்பாகட்டும், ஆறும்போது கருமையை விட்டுச் செல்லும் இயல்புடையது. கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலைச் சூடாக்கிச் சிறு சிறு காயங்களை உண்டாக்கித்தான் கொலாஜனை வளர்க்கிறது. ஐரோப்பியத் தோலுக்கு எழுதப்பட்ட அளவில் அதை நம் முகத்தில் இயக்கினால் மாதக்கணக்கில் கரும்படலம் தங்கும். மென்மையான அமைப்பில், இடைவெளி விட்டு, பல அமர்வுகளாகச் செய்வதே நமக்கு ஏற்ற முறை. ஃபீனால் போன்ற ஆழமான தோலுரிப்பு நமக்கு வேண்டாம்.

வெயிலும் ஒரு காரணம். நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். எல்லைக்கு அப்பால் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கோடையில் புற ஊதாக் குறியீட்டு எச்சரிக்கைகளை வெளியிடும் அளவுக்கு நடுப்பகல் வெயில் கடுமையானது. கொல்லங்கோட்டிலும் குளச்சலிலும் கடற்கரை மணலில் நாள் முழுவதும் நிற்கிற ஒருவர் வேலையை மாற்றிக்கொள்ள முடியாதென்றால், அவருக்கு லேசர் செய்வதைவிட எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் அகல விளிம்புத் தொப்பியும் இரவில் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெடினாயின் களிம்பும் கொடுத்து ஆறு மாதம் பொறுப்பதே நேர்மையான சிகிச்சை. டிரெடினாயின் வேலை செய்யும் என்பதற்குச் சான்று வலுவானது. ஆனால் கருவுற்றவர்களும் கருவுற முயல்கிறவர்களும் அதைப் பூசக் கூடாது. உதட்டில் அடிக்கடி அக்கி வரும் என்றால் லேசருக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், தடுப்பு மாத்திரை தர வேண்டியிருக்கும்.

நூல் போட்டுத் தூக்குவது, அல்ட்ராசவுண்ட் கருவி, இவை அறுவைக்கு மாற்று இல்லையா?

இல்லை. கரையும் பி.டி.ஓ நூல் ஏறத்தாழ ஆறு மாதத்தில் உடலோடு கலந்துவிடும். தூக்கல் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டாது. ஹைஃபு எனப்படும் அல்ட்ராசவுண்ட் கருவி லேசான தளர்வை லேசாக இறுக்கும். ஏற்கெனவே வற்றிய முகத்தில் அது கொழுப்பை மேலும் கரைத்து வயதைக் கூட்டிக் காட்டவும் கூடும். தொடக்க நிலைத் தொய்வு உள்ள, அறுவைக்கு மனம் வராத, பலன் சிறிதாகவே இருக்கும் என்று புரிந்துகொண்ட ஒருவர் செய்துகொள்ளலாம்.

ஃபேஸ்லிஃப்ட் என்பதில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

தோலை மட்டும் இழுத்துத் தைப்பது பழைய முறை. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் முகத்தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தொடர்ந்து ஓடும் ஸ்மாஸ் என்ற நார்த்தசைப் படலத்தை விவரித்தார்கள். அதன் பிறகு பாரத்தை அந்தப் படலம் தாங்கும்படி தைத்துவிட்டு, மேலே தோலை இழுவையின்றிப் படியவைக்கும் முறை வந்தது. முகம் காற்றில் இழுபட்டதுபோல் விறைத்துத் தெரிவதற்கு, பாரத்தைத் தோல் மேலேயே ஏற்றுவது ஒரு முக்கியக் காரணம். வெட்டு காதின் முன்புறம் தொடங்கி மடலைச் சுற்றிப் பின்பக்கம் முடிக்குள் போய் மறையும். ஆண்களுக்குத் தாடி வளரும் தோல் காதின் மீது ஏறிவிடாதபடி வெட்டைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

பலன் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் நிற்கும் என்று சொல்லப்படுகிறது. அதற்குள்ளும் முதுமை நின்றுவிடாது. ஆனால் பின்னோக்கித் தள்ளப்பட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்துகளில் மிகச் சாதாரணமானது தோலுக்கடியில் இரத்தம் கட்டுதல். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும்; ஆண்களுக்கும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் வலி கூடிக்கொண்டே போய்க் கன்னம் கல்போல் வீங்கினால் உடனே மீண்டும் திறந்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதனால்தான் முதல் இரவை மருத்துவமனையிலோ, அதற்கு ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலோ கழிக்கச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொண்டு அன்று மாலையே மார்த்தாண்டம் வீட்டுக்குத் திரும்புவது, சுமார் 40 கிலோமீட்டர் நெரிசலான சாலையை நடு இரவில் வலியோடு மறுபடி கடக்க நேரலாம் என்று தெரிந்தே செய்வதாகும்.

காது மடலைச் சுற்றி மரத்துப்போவது வழக்கம். அது சில மாதங்களில் திரும்பும். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளை அடிபடுவது அரிது. அடிபட்டாலும் பெரும்பாலும் தற்காலிகமே, நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆனால் "குறைவு" என்ற சொல் அந்த ஒருவருக்குப் பொருந்தாது. ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கண்ணிமை மட்டும்தான் தொங்குகிறது. முழு முகத்துக்கும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கண்ணிமை அறுவையைப் பெரும்பாலும் மரப்பு ஊசியிலேயே செய்துவிடலாம். முதலீட்டுக்கும் சிரமத்துக்கும் மிகுதியான பலன் தருவது இதுவே என்பது என் கருத்து. ஆனால் கண் வறட்சி உள்ளவர்களும் தைராய்டு நோய் உள்ளவர்களும் முதலில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறங்கியிருப்பது இமைத் தோலா, இமையைத் தூக்கும் தசையா, மேலிருந்து அழுத்தும் புருவமா என்பதையும் பிரித்தறிய வேண்டும். புருவம் இறங்கியவருக்கு இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே வந்துவிடும். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கடும் வலியும் பார்வை மங்கலும் வந்தால் அது அவசரநிலை.

கன்னம் ஒட்டிப்போய் வாய் உள்ளே போய்விட்டது. எது பொருந்தும்?

முதலில் வாயைத் திறந்து காட்டுங்கள். கடைவாய்ப் பற்கள் விழுந்து ஆண்டுகள் ஆன பெண்கள், முகம் வற்றிவிட்டது என்று சொல்லி மகள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு தேய்ந்து முகத்தின் கீழ்ப்பகுதி உயரம் குறைந்து, உதட்டோரங்கள் மடிந்து எச்சில் ஊறிப் புண்ணாகியிருக்கும். அவர்களுக்குச் சரியான அளவில் ஒரு பல் செட் பொருத்தினால் முகம் நிமிர்வதை நேரில் பார்த்திருக்கிறேன், சாப்பாடும் இறங்குகிறது. ஃபில்லருக்கும் ஃபேஸ்லிஃப்டுக்கும் முன்னால் பல் மருத்துவர் இருக்கிறார் என்பதை அழகு நிலையங்கள் சொல்வதில்லை.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. அறுவை செய்யலாமா?

கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் இரத்த அழுத்தத்தையும் அறுவைக்கு முன்பே சீராக்க வேண்டும், ஏனென்றால் இது அவசர அறுவை அல்ல, மூன்று மாதம் தள்ளிப்போட்டால் எதுவும் கெட்டுவிடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் முகத்துக்காக அதை நிறுத்துவதை இதய மருத்துவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அறுவையையே கைவிட வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே முழுவதும் நிறுத்த வேண்டும். நிகோடின் தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காதுக்குப் பின்னால் உள்ள மெல்லிய தோல் அழுகிப் போகலாம். இதை மறைத்து மேசையில் படுப்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள்.

தழும்பு தெரியுமா? எனக்கு காயம் ஆறும்போது தழும்பு கட்டியாக வளரும் கீலாய்டு உடம்பு.

உங்கள் காதைப் பாருங்கள். காது குத்திய இடத்திலோ, தோடு இழுத்துக் கிழிந்து தைத்த இடத்திலோ கட்டி வளர்ந்ததா? அம்மை குத்திய தழும்பு தோளில் புடைத்து நிற்கிறதா? அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி உண்டா? உண்டென்றால் காதோரம் வெட்டும் அறுவையை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். பாம்படம் தொங்கிய காதையோ கிழிந்த துளையையோ சரிசெய்துகொள்ள வரும் பெண்கள் நம் பகுதியில் உண்டு. அந்தச் சிறு அறுவை எப்படி ஆறியது என்பதே பெரிய அறுவைக்கு நல்ல முன்னறிவிப்பு.

ஏற்கெனவே வெளுக்கும் கிரீம் போடுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், முடிந்தால் டப்பாவையே கொண்டு வர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதத்தில் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, கன்னத்தில் முடி முளைக்கும். அந்தத் தோலில் லேசர் செய்தால் விளைவைச் சொல்ல முடியாது. லேபிள் தெளிவில்லாத வெளிநாட்டுக் கிரீம்களில் பாதரசமும் இருக்கலாம். மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டது 2023-இல் செய்தியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதே ஆண்டில் ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் கடைகளைச் சோதித்து உரிமமற்ற அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது. அங்கே பிடிபடும் சரக்கு களியக்காவிளையில் நின்றுவிடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அத்தகைய கிரீமை நீண்டகாலம் பூசியவர் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குங்குமாதி தைலமும் முகத்துக்கு எண்ணெய் தடவுவதும் போதாதா?

தோல் வறட்சி குறையும், மேல் கோடுகள் மென்மையாகும், மனத்துக்கும் இதமாக இருக்கும். தளர்ந்த படலத்தையோ கரைந்த கொழுப்பையோ எண்ணெய் மீட்காது. பரு வரும் தோல் என்றால் வேண்டாம்.

ஒரு மாத விடுப்பில் கல்ஃபிலிருந்து வருகிறேன். மகள் கல்யாணமும் அப்போதுதான். எதைச் செய்துகொள்ளலாம்?

ஊருக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே போடாக்ஸ் போட்டுக்கொண்டால், இரண்டு வாரம் கழித்துப் பார்த்துத் திருத்தவும் நேரம் இருக்கும். ஃபில்லரின் வீக்கமும் நீலமும் அடங்க மூன்று வாரமாவது விடுங்கள். கல்யாணத்துக்கு முந்திய வாரத்தில் முதன்முறையாகப் போட வேண்டாம். ஆழமான லேசருக்கு அந்த விடுப்பு போதாது, கருமை வந்தால் தெளிய மாதங்கள் ஆகும். ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர் இரண்டு மூன்று வாரத்தில் வெளியே நடமாடலாம், இரண்டு வாரம் கழித்து விமானமும் ஏறலாம். ஆனால் புகைப்படத்துக்கு முகம் இயல்பாக மூன்று மாதமாவது வேண்டும். எனவே கல்யாணத்துக்கு முந்தைய விடுப்பில் செய்துகொள்ளுங்கள், அல்லது கல்யாணம் முடிந்த பிறகு செய்துகொள்ளுங்கள். பந்தலில் உறவினர்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது உங்களுக்கும் மகளுக்கும் அன்றைய நாளைக் கெடுத்துவிடும். தையல் போட்ட இடத்தை வளைகுடாவில் எந்த மருத்துவர் பார்ப்பார் என்பதையும் புறப்படுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எது மலிவு?

ஒரு முறைக்கு ஊசி மலிவு, பத்தாண்டுக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் இல்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் என்றால் பத்தாண்டில் முப்பது முறை. அதோடு ஆண்டுக்கு ஒரு ஃபில்லரைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். தொய்வே முக்கியக் குறை என்றால், பிடிக்காத ஒன்றை முப்பது முறை வாங்குவதைவிடப் பொருந்துகிற ஒன்றை ஒருமுறை வாங்குவது சிக்கனம். ஆனால் பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு அறுவை செய்யுங்கள்; ஊசியை விரும்பாதபோது நிறுத்தலாம், அறுவைக்காக வாங்கிய கடனை நிறுத்த முடியாது.

பிறவிக் குறைபாட்டையோ காயத்தையோ சரிசெய்யும் அறுவைக்கு ஜி.எஸ்.டி விலக்கு உண்டு; அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 விழுக்காடு உண்டு. மருத்துவமனை சொன்ன தொகையில் அது சேர்ந்ததா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் அழகு அறுவையை விலக்குகின்றன. இமை பார்வையையே மறைக்கிறது என்று கண் மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்தால் மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

யாரிடம் செய்துகொள்வது?

அறுவைக்கு எம்.சிஎச் அல்லது டி.என்.பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரிடமும், ஊசிக்கும் லேசருக்கும் அவர்களிடமோ எம்.டி., டி.என்.பி., டிப்ளமா படித்த தோல் மருத்துவரிடமோ போங்கள். பதிவு எண்ணை மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் மருத்துவப் பட்டம் அல்ல. பியூட்டி பார்லரில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் தோல் நிறத்தவரின் முன்-பின் படங்களையும், ஓராண்டுக்குப் பிந்தைய படங்களையும் கேளுங்கள்.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையாளப் பேச்சு நமக்குப் புரியும் என்பதால், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தில் வேகமாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பேச்சு புரிவது வேறு, மருத்துவப் படிவம் புரிவது வேறு. தமிழில் விளக்கும் ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். நகலைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

முப்பது வயதிலேயே தொடங்கினால் முதுமை வராமல் தடுக்கலாமா?

சன்ஸ்கிரீனும் புகையிலையைத் தொடாமையும் அந்த வயதிலேயே தொடங்க வேண்டியவை. கோடே இல்லாத நெற்றிக்கு ஊசி தேவையில்லை. எதுவும் செய்துகொள்ளாமல் இருப்பதும் முழு உரிமையுள்ள முடிவுதான். கணவரோ அலுவலகமோ சொன்னதற்காக மட்டும் வருகிறவர்களை நான் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

ஏதாவது தவறாகிவிட்டால் எங்கே போவது?

முதலில் செய்தவரிடமே, உடனே. அவர் கைப்பேசியை எடுக்காவிட்டால் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் கண் பிரிவும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, போட்ட மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள சீட்டோடு போங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அலட்சியத்தால் பாதிக்கப்பட்டதாகக் கருதினால், சிகிச்சை கேரளத்தில் நடந்திருந்தாலும் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். குமரி மாவட்டத்தவர்களுக்கு அந்த ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். மனுவோடு ரசீது, ஒப்புதல் படிவத்தின் நகல், மருந்துச் சீட்டு, படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.